சின்னம்மாவின் இடது கைக்கு லீவு

1992 மார்ச் 11, புதன்.

இன்று காலை சின்னம்மாவின் இடது கையை அளந்தபோது ஒரு சிறு பிழை விட்டுவிட்டேன். தையல் வகுப்பில் சட்டைக் கைக்கு அளவெடுக்கும் பழக்கத்தில், நாடா காட்டிய அளவோடு அரை அங்குலம் தளர்வு சேர்த்து எழுதிவிட்டேன். ஒரே இரவில் கை அரை அங்குலம் பருத்துவிட்டது என்று வீடு முழுக்கக் கலங்கிப்போயிற்று. சித்தப்பா தோட்டத்துக்குப் போகவில்லை. மத்தியானம்தான் பிழையைக் கண்டுபிடித்தேன். வீக்கத்துக்குத் தளர்வு சேர்க்கக் கூடாது.

பத்மாசினி பேனையை மூடிவிட்டு, எழுதியதைத் திரும்ப வாசித்தாள். 'வீடு முழுக்க' என்பது சரிதானா என்று ஒரு சந்தேகம் வந்தது. வீட்டில் இருப்பதே மூன்று பேர். அதில் கலங்கியது இரண்டு பேர். மூன்றாவது ஆளான சின்னம்மா, சேதியைக் கேட்டதும், "நல்லதாப் போச்சு. ஆறு மாசமாய் எல்லாம் வத்திக்கொண்டு போகுது. ஏதோ ஒண்டாவது பருக்கட்டுமன்" என்று சிரித்தவள். பத்மாசினி பேனையை மறுபடி திறந்து, 'வீடு முழுக்க' என்பதை வெட்டி 'வீட்டில் இரண்டு பேர்' என்று எழுதினாள். பிறகு அந்த வெட்டு அழகாக இல்லையே என்று கவலைப்பட்டாள்.

சின்னம்மாவின் பெயர் மீனாம்பிகை. பத்மாசினியின் தாய்க்கு நேரே இளைய தங்கை. சுன்னாகம் சந்தைக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் வீடு. வீட்டைச் சுற்றி வெங்காயத் தோட்டம். தோட்டத்துக்குள் புருஷன் ஏரம்பு. பிள்ளைகள் இல்லை. கார்த்திகை மாதம் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். தை பிறந்ததிலிருந்து மூன்று கிழமைக்கு ஒரு தடவை பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போய் வலது கையில் மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறாள். ஒத்தாசைக்கென்று நெல்லியடியிலிருந்து வந்த பத்மாசினியை, "என்னைப் பாத்துக்கொண்டு இருந்தால் உனக்கு விசர்தான் பிடிக்கும்" என்று பின்னேரத் தையல் வகுப்புக்குத் துரத்தியவளும் சின்னம்மாதான்.

மாசி மாதத்தில் அந்த இடது கை வீங்கத் தொடங்கியது. வார்ட்டில் இருந்த நேர்ஸ் ஸ்ரெல்லா, குருநகர்ப் பெண், சுற்றி வளைக்காமல் சொன்னாள்:

"தோளுக்குக் கீழை கமக்கட்டுக்குள்ளை இருந்த கட்டியளை எடுக்கேக்கை, கையிலை இருந்து நீர் வடியிற பாதையும் சேந்து போட்டுது. இனி நீர் தேங்கும். கையை உயத்தி வைக்கவேணும், துணியாலை சுத்தவேணும், பாரம் தூக்கக் கூடாது, ஒரு கீறலும் படக் கூடாது. அந்தக் கையிலை ஊசியும் இல்லை, பிறசர் பாக்கிறதும் இல்லை. விளங்கினதோ?"

ஏரம்புவுக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. முப்பது வருஷமாகத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டுகிற மனுஷன். "வாய்க்கால் அடைபட்டால் பாத்தி நிரம்பும். இதிலை என்ன விளங்காமல் இருக்கு?" என்றார்.

டொக்டர் சொன்னதுதான் பயம் தருவதாக இருந்தது. கை இப்படியே ஏறிக்கொண்டு போனால், அல்லது எங்காவது சிவந்து காய்ச்சல் காய்ந்தால், அடுத்த மருந்தை ஏற்ற மாட்டேன் என்றார். முதலில் கையைப் பார்த்துத் தீர்த்த பிறகுதான் மற்றது. சண்டையால் பாதை பூட்டிக் கிடக்கிற காலம். கொழும்பிலிருந்து கப்பலில் வந்த மருந்து சின்னம்மாவின் பெயருக்கென்று வார்ட் அலுமாரியில் இருந்தது. நாள் தள்ளிப்போனால், அவளைவிட அவசரமான இன்னொருவருக்குப் போய்விடலாம். பிறகு எந்தக் கப்பல், எந்த மாதம் என்று யாருக்கும் தெரியாது. அடுத்த முறை, வருகிற செவ்வாய்க்கிழமை.

ஆக, செவ்வாய்க்கிழமைக்குள் அந்தக் கை வற்ற வேண்டும். குறைந்தது ஏறாமலாவது இருக்க வேண்டும்.

சுற்றுவதற்கு இழுபடுகிற பண்டேஜ் கடைகளில் இல்லை. பத்மாசினி முதலில் ஒரு கையுறை தைத்தாள். மணிக்கட்டிலிருந்து தோள்வரை, கெட்டித் துணியில், மிக நேர்த்தியான தையல். ஆனால் தையல் ரீச்சரின் கட்டளைப்படி வழக்கமான தளர்வு விட்டே வெட்டியிருந்தாள். சின்னம்மா போட்டுக்கொண்டு எழுந்து நின்றதும், கையுறை மெல்ல இறங்கி நிலத்தில் விழுந்தது.

"நல்ல சட்டை பிள்ளை. போடுறதும் சுகம், கழட்டுறதும் சுகம்" என்றாள் சின்னம்மா.

பத்மாசினி கையுறையை எடுத்து மண் தட்டினாள். உடம்பை இறுக்கும்படி தைக்கக் கூடாது என்பதுதான் வகுப்பில் படித்த முதல் பாடம். இறுக்குவதற்காகவே தைக்க வேண்டிய ஒன்று உலகத்தில் இருக்கும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. கடைசியில் ஏரம்புவின் பழைய வேட்டி ஒன்றை நீளக் கீற்றாகக் கிழித்து, தலைப்போடு தலைப்பை மூட்டி, இரண்டு சுருள் கட்டுத் துணி செய்தாள். வேட்டிக்குச் சொந்தக்காரர் வருத்தப்படவில்லை. அதைச் சுற்றுகிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டார்.

அங்கேதான் அடுத்த பிழை நடந்தது. வகுப்பு முடிந்து பத்மாசினி வீட்டுக்கு வந்தபோது, சின்னம்மா கதிரையில் உட்கார்ந்து தன் விரல்களைப் புதினமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து விரலும் மொந்தன் வாழைப்பழம் மாதிரி உருண்டிருந்தன.

"சித்தப்பா, எங்கையிருந்து சுத்தினனீங்கள்?"

"மேலையிருந்துதான். வெங்காயப் பிடி கட்டுறது தெரியாதோ? கழுத்திலை இறுக்கிக் கட்டினால்தான் பிடி குலையாது."

"ஸ்ரெல்லா மிஸ்ஸி விரலடியிலை இருந்தெல்லோ தொடங்கச் சொன்னவ! கீழை இறுக்கம், மேலை போகப் போகத் தளர்ச்சி!"

"அப்பிடிக் கட்டினால் சந்தைக்குப் போக முந்தி அவிண்டு கொட்டுண்டு போம்."

"இது சந்தைக்குப் போற கை இல்லை, சித்தப்பா!"

அவள் அவசரமாக மேல் முடிச்சை அவிழ்த்தாள். சின்னம்மா பெருமூச்சு விட்டாள். "முப்பது வருஷத்திலை இண்டைக்குத்தான் இந்த மனுசன் என்ரை கையை இவ்வளவு இறுக்கிப் பிடிச்சவர். அதையும் அவிட்டுப்போட்டாய்" என்றாள். ஏரம்பு காது சிவக்க எழுந்து, மாட்டுக்குத் தண்ணி வைக்க வேண்டும் என்று வெளியே போனார். மாட்டை அவர்கள் விற்று இரண்டு வருஷமாகிவிட்டது.

அதிலிருந்து சுற்றுவது பத்மாசினியின் பொறுப்பு. அளப்பதும் அவள் பொறுப்பு. மணிக்கட்டுக்கு மேலே ஒன்று, முழங்கைக்கு மேலே ஒன்று என்று தையல் சோக்கால் அடையாளம் போட்டு, காலையும் மாலையும் அதே இடத்தில் நாடாவைப் பிடித்தாள். கையை உயர்த்தி வைப்பதற்குப் பழைய சேலையைக் கூரை வளையில் கட்டி ஊஞ்சல் மாதிரித் தொங்கவிட்டார்கள். அதற்குள் கையை வைத்துக்கொண்டு, தலைமயிர் கொட்டியதை மறைக்கத் துவாய் ஒன்றைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு சின்னம்மா உட்கார்ந்திருந்தால், எங்கேயோ ஒரு ராசா சபை நடத்துவது போலிருக்கும். ஒருநாள் குண்டு போடப் பொம்மர் விமானம் வந்து எல்லோரும் பங்கருக்குள் ஓடியபோதும், அவள் கையை உயர்த்தியபடியே ஓடினாள். "மேலை போறவன் பாத்தால், சரணடையிறாள் எண்டு நினைச்சுத் திரும்பிப் போடுவான்" என்றாள்.

சுகம் விசாரிக்க வருகிறவர்களுக்குக் குறைவில்லை. அயல்வீட்டு ஆழ்வாப்பிள்ளையர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தால், இருட்டும்வரை எழும்ப மாட்டார்.

"என்ன மீனாம்பிகை, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையை உயத்திக்கொண்டு? என்ன கேக்கப்போறாய்?"

"நீங்கள் எப்ப எழும்புவியள் எண்டு கேக்கத்தான் அண்ணை."

ஆழ்வாப்பிள்ளையர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துவிட்டு இன்னொரு தேத்தண்ணி கேட்டார்.

இவ்வளவு செய்தும் கை வற்றவில்லை. அதாவது, வற்றியது, ஆனால் திரும்ப ஏறியது. காலையில் நாடா நல்ல சேதி சொல்லும். பின்னேரம் வகுப்பால் வந்து அளந்தால், பழையபடி. வியாழனும் அப்படி, வெள்ளியும் அப்படி.

பத்மாசினி தன்னைத்தான் முதலில் சந்தேகப்பட்டாள். நாடா இழுபட்டுப் போயிற்றோ என்று அடிமட்டத்தோடு வைத்துப் பார்த்தாள். நாடா சரியாகவே இருந்தது. பின்னேரத்தில் தனக்குக் களைப்பில் கை தளர்கிறதோ என்று, தன் கையையே காலையிலும் மாலையிலும் அளந்தாள். வித்தியாசம் இல்லை. அதுவும் போதாது என்று ஏரம்புவின் கையை அளந்தாள். அவர் வேண்டுமென்றே தசையை முறுக்கிக் காட்டினார்.

"சித்தப்பா, சும்மா விடுங்கோ. முறுக்கினால் கணக்குப் பிழைக்கும்."

"நான் முறுக்கேல்லை. அது இயற்கையாவே அப்பிடித்தான்."

"இயற்கையாவே மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாராம்" என்றாள் சின்னம்மா, கை ஊஞ்சலில் இருந்தபடியே.

கட்டு சுற்றுவது பிழையோ? விரலடியிலிருந்துதான் தொடங்குகிறாள். இறுக்கம் பிழையோ? விரல் நுனிகள் நல்ல நிறமாகத்தான் இருந்தன. எங்கேயோ தான் ஏதோ கோட்டை விடுகிறாள், அதனால் செவ்வாய்க்கிழமை மருந்து நிற்கப்போகிறது என்ற எண்ணம் அவளைச் சோறு தின்ன விடவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் வகுப்பால் வந்து கட்டை அவிழ்த்தாள். மூன்றாவது சுற்றுக்கும் நாலாவது சுற்றுக்கும் நடுவே, செம்பட்டு மாதிரிப் பளபளவென்று ஏதோ ஒட்டியிருந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். வெங்காயச் சருகு.

காலையில் அவள் சுற்றியது தோய்த்துக் காய்ந்த சுத்தத் துணி. இடையில் யாரோ கட்டை அவிழ்த்து, திரும்பவும் சுற்றியிருக்கிறார்கள். அவளைப் போலவே சுற்றியிருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டேயிருந்து பழகிய ஒருத்தியால்தான் அது முடியும்.

"சின்னம்மா."

"என்ன பிள்ளை?"

"இது என்ன?"

சின்னம்மா சருகைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். "காத்துக்குப் பறந்து வந்திருக்கும்."

"பறந்து வந்து, கட்டை அவிட்டு, உள்ளுக்குப் போய்ப் படுத்துப்போட்டு, பிறகு கட்டையும் சுத்திவிட்டதோ?"

"இந்த வருஷத்து வெங்காயம் கொஞ்சம் கெட்டிக்கார வெங்காயம்."

பின்னால் நின்ற ஏரம்பு மெதுவாக நழுவப் பார்த்தார். "சித்தப்பா, நில்லுங்கோ" என்றாள் பத்மாசினி. இப்படியொரு குரல் தன்னிடம் இருப்பது அவளுக்கே தெரியாது. ஏரம்பு நின்றுவிட்டார்.

கதை வெளியே வந்தது. வெங்காயம் கிண்டிக் காய்ந்து, கைப்பிடியளவு சேர்த்துப் பனையோலைக் கீற்றால் பிடி கட்டுகிற நாட்கள் இவை. ஒவ்வொரு வருஷமும் பிடி கட்டுவது மீனாம்பிகை. இந்த வருஷம் ஏரம்பு கட்டிக் கொண்டுபோன முதல் சுமையைப் பார்த்துச் சந்தைக்காரர், "என்ன ஏரம்பு, வீட்டிலை கோழி கட்டினதோ?" என்று கேட்டுவிட்டார்கள். அதை அந்த மனுஷன் வீட்டுக்கு வந்து சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டார். அடுத்த நாள், பத்மாசினி வகுப்புக்குப் படலை தாண்டியதும், சின்னம்மா ஊஞ்சலிலிருந்து கையை இறக்கி, துணி ஊத்தையாகும் என்று கட்டையும் அவிழ்த்து வைத்துவிட்டு, குனிந்திருந்து பிடி கட்டத் தொடங்கினாள். அவள் கட்டிய பிடிகளைத் தான் கட்டியதாகச் சொல்லி ஏரம்பு சந்தைக்குக் கொண்டுபோனார்.

"எனக்கு ஒரு பக்கம் போச்சு, மயிர் போச்சு, வாயிலை உருசை போச்சு" என்றாள் சின்னம்மா. சிரிக்காமல் அவள் பேசியது அன்றைக்கு அதுதான் முதல் தடவை. "என்ரை பிடியையும் கோழி கட்டினது எண்டு சொல்ல விடச் சொல்லுறியோ?"

பத்மாசினி குனிந்து, கட்டின் கடைசிச் சுற்றையும் அவிழ்த்தாள். அப்போதுதான் அதைக் கண்டாள். சுட்டுவிரலின் ஓரத்தில், பனையோலைக் கீற்று கிழித்த மெல்லிய கீறல். அதைச் சுற்றி ஒரு சதக் குற்றிக் காசளவுக்குச் சிவப்பு.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். யாரும் பகிடி விடவில்லை.

பத்மாசினி சைக்கிளை எடுத்தாள். சுன்னாகத்திலிருந்து பட்டணம்வரை எப்படி மிதித்தாள் என்று பிறகு யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை. ஸ்ரெல்லா கடமை முடிந்து புறப்படுகிற நேரம். மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும், வெங்காயச் சருகு உட்பட, ஒழுங்காக முதலிலிருந்து சொன்னாள்.

"பிள்ளை, நீ வாக்குமூலம் குடுக்க வரேல்லை. காய்ச்சல் இருக்கோ இல்லையோ? அதை முதல்லை சொல்லு."

"இல்லை மிஸ்ஸி. தொட்டுப் பாத்தனான். அளந்து பாக்கேல்லை. அளக்கிறதுக்குச் சாமான் இல்லை. இல்லையெண்டுதான் நினைக்கிறன்."

ஸ்ரெல்லா டொக்டரிடம் போய்க் கேட்டு, விழுங்கக் குளிசையும் ஒரு காய்ச்சல் கோலும் கொண்டுவந்தாள். "கொதிச்சாறின தண்ணியிலை சவுக்காரம் போட்டுக் கழுவு. சுத்தத் துணியாலை மூடு. சிவப்பைச் சுத்தி ஒரு கோடு கீறிவை. கோட்டைத் தாண்டினாலோ, காய்ச்சல் காய்ஞ்சாலோ, விடியட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கக் கூடாது. உடனை கொண்டு வா. பிறகு, சின்னம்மாவிட்டைச் சொல்லு: கட்டு இருக்கேக்கை விரலை மடக்கி விரிக்கிறது கைக்கு நல்லது. நான் லீவு குடுத்தது குனிஞ்சிருந்து, கையைத் தொங்கப்போட்டு, ஓலையோடை மல்லுக்கட்டுறதுக்கு. வாய்க்கு லீவு குடுக்கேல்லை. வாயாலை கட்டட்டும்."

வாயாலை கட்டுவது என்றால் என்ன என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்தாள் பத்மாசினி. வீட்டில் சொன்னதும் சின்னம்மாவுக்கு உடனே விளங்கிற்று.

சிவப்பைச் சுற்றி வெள்ளைத் தையல் சோக்கால் வட்டம் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிய, கை ஊஞ்சலில், கட்டு விரலடியிலிருந்து தோள்வரை, உட்கார்ந்தபடியே சின்னம்மா தொழிலைத் தொடங்கினாள். எதிரே நிலத்தில் ஏரம்பு, வெங்காயக் குவியலுக்குப் பக்கத்தில்.

"தாள்களைச் சேத்துப் பிடியுங்கோ. இல்லை, இல்லை, அது வெங்காயம், ஆட்டுக்குட்டி இல்லை. கழுத்தை நெரிக்காதேங்கோ."

"இறுக்காட்டில் குலைஞ்சுபோம் எண்டனே..."

"ஒருக்கால் சுத்தி, மடிச்சு, பிறகு இழுங்கோ. ஆ. அவிட்டுப்போட்டுத் திரும்பக் கட்டுங்கோ."

"என்னப்பா, இது நல்லாத்தானே இருக்கு?"

"கோழிக்கு நல்லாத்தான் இருக்கும்."

ஒவ்வொரு பிடிக்கும் அவள் ஊஞ்சலுக்குள் விரல்களை மடக்கி விரித்தாள், தானே கட்டுவது போல. ஏரம்பு அவிழ்த்தார், கட்டினார், வேர்த்தார், முறைத்தார். பத்மாசினி நடுநடுவே வந்து, மூடியிருந்த துணியை விலக்கிச் சோக்கு வட்டத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். ஒரு தடவை வந்தபோது சிவப்பு கோட்டைத் தாண்டிவிட்டது போலத் தெரிந்தது. குனிந்து பார்த்தால், தாண்டியது சிவப்பு அல்ல, கால் நகத்துக்குப் பூசுகையில் சின்னம்மாவின் விரலிலும் பட்டிருந்த மருதோன்றியின் கறை. நோய்க்காரி மருதோன்றி பூசலாமோ கூடாதோ என்று அவள் கேட்க வாயெடுத்தாள். சின்னம்மாவின் முகத்தைப் பார்த்து, கேட்காமல் விட்டாள்.

திங்கட்கிழமை சிவப்பு வட்டத்துக்குள் சுருங்கிக் கிடந்தது. காய்ச்சல் இல்லை. பின்னேரம் அளந்தபோது, காலையில் இருந்த அளவிலேயே கை நின்றது. பத்மாசினி நம்பாமல் திரும்பவும் அளந்தாள். பிறகு சின்னம்மாவை நாடாவைப் பிடிக்கச் சொல்லி, எண்ணை ஏரம்புவைக்கொண்டு வாசிப்பித்தாள்.

செவ்வாய்க்கிழமை ஏரம்பு சைக்கிளில் மீனாம்பிகையைக் கரியரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். கையைத் தொங்கவிடக் கூடாது என்பதால், அவள் அதை அவர் தலையின்மேல் வைத்துக்கொண்டாள். பின்னால் இன்னொரு சைக்கிளில் பத்மாசினி. வழி முழுக்க ஆட்கள் நின்று பார்த்தார்கள்.

"என்ன ஏரம்பண்ணை, மனுசி ஆசீர்வாதம் பண்ணுறாவோ?"

"குட்டிக்கொண்டு வாறன்" என்றாள் சின்னம்மா. "பட்டணம் போய்ச் சேரமுந்தி ஏதும் ஏறுதோ எண்டு பாப்பம்."

ஆஸ்பத்திரியில் டொக்டர் கட்டை அவிழ்க்கச் சொன்னார். விரல் விரலாகப் பார்த்தார். கீறல் காய்ந்து பொருக்குக் கட்டியிருந்தது. கமக்கட்டைத் தடவிப் பார்த்தார். பத்மாசினி அளவுகளை ஒப்புவித்தாள்; புதன்கிழமை எழுதிய அரை அங்குலத் தவறையும் சொல்லித் திருத்தினாள். அவர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார்.

"ஏறாமல் நிக்குது. அது போதும். ஆனால் அம்மா, இந்தக் கை மற்றக் கை மாதிரி முழுக்க வத்தும் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்காதேங்கோ. இது இனி உங்களோடை கூட இருக்கும். நீங்கள்தான் அதை அடக்கி வைச்சிருக்கவேணும்."

சின்னம்மா தன் இடது கையை ஒருதரம் திருப்பிப் பார்த்தாள். "சரி. இன்னொரு ஆளையும் முப்பது வருஷமாய் அப்பிடித்தான் வைச்சிருக்கிறன்" என்றாள்.

"மருந்தைப் போடுங்கோ, மிஸ்" என்றார் டொக்டர்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் பத்மாசினி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். ஸ்ரெல்லா அலுமாரியைத் திறந்து சின்னம்மாவின் பெயர் எழுதிய பெட்டியை எடுத்தாள்.

மருந்து இறங்கத் தொடங்கியது. வலது கையில் ஊசி, அசைக்க முடியாது. இடது கை தலையணை இரண்டின்மேல், இறக்க முடியாது. கொஞ்ச நேரம் போனதும் சின்னம்மாவின் முகம் கோணியது. பத்மாசினி பயந்துபோனாள்.

"என்ன சின்னம்மா? நோகுதோ? மிஸ்ஸியைக் கூப்பிடட்டோ?"

"மூக்குக் கடிக்குது."

பத்மாசினி கையை நீட்டுமுன் ஏரம்பு எழுந்தார். தோட்டத்து மண் ஏறிய விரல்தான். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வருகிறபோது இரண்டு தரம் சவுக்காரம் போட்டுக் கழுவியிருந்தார். மெல்ல மனைவியின் மூக்கைச் சொறிந்துவிட்டார்.

"இன்னும் கொஞ்சம் மேலை. ஐயோ, அது மேலையோ? இறுக்காதேங்கோ. ஆ... அந்த இடந்தான்."

பக்கத்துக் கட்டில்காரி போர்வைக்குள் சிரிப்பது கேட்டது. சின்னம்மா கண்ணை மூடிக்கொண்டாள். போத்தலிலிருந்து சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஏரம்பு விரலை எடுக்கவில்லை. இன்னும் தேவைப்படலாம் என்று பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

திரும்பும்போது சைக்கிள் சரிவராது என்று மண்ணெண்ணெயில் ஓடுகிற வான் ஒன்றைப் பிடித்தார்கள். வழியில் சின்னம்மா இரண்டு தடவை சத்தி எடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் கட்டைச் சுற்றி, கையை உயர்த்தி வைத்து, அவள் உறங்கும்வரை இருந்துவிட்டு, பத்மாசினி விளக்கடியில் எழுதினாள்.

மார்ச் 17, செவ்வாய்.

மருந்து ஏற்றியாயிற்று. கை ஏறவில்லை. இன்று வகுப்புக்குப் போகவில்லை. நாளை காலை கட்டுத் துணிச் சுருள் இரண்டையும் சவுக்காரம் போட்டுத் தோய்த்து, நிழலில் காயவைத்து, சுருக்கமில்லாமல் சுருட்டி வைக்க வேண்டும்.